பிரிக்கப்படாத அங்பாவ்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அலமாரியைக் காலி செய்தபோது, சேலைகளுக்கு அடியில் கனகவல்லிக்குப் பதினோரு அங்பாவ் உறைகள் கிடைத்தன. சீனப் பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

சீனக் குழந்தையான அவளைப் பச்சை மண்ணாக எடுத்து வளர்த்தவள் அம்மா. பெற்றவர்கள் செத்துவிட்டதாகத்தான் சொல்லியிருந்தாள். ஆனால் பெருநாள்தோறும் வாசலில் ஒருத்தி வந்து நிற்பாள். "பிள்ள புடிக்கிறவ வந்திருக்கா, மூச்சு விடாத!" என்று அம்மா கனகவல்லியைக் குளியலறையில் தள்ளித் தாழிடுவாள். அந்தப் பொம்பளை செத்துப்போகவேண்டும் என்று கனகவல்லி இருட்டில் முருகனை வேண்டிக்கொள்வாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதான வருஷம் யாரும் வரவில்லை. முருகன் கேட்டுவிட்டான் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டாள்!

ஒவ்வொரு உறையிலும் பணத்தோடு ஒரு சீட்டு இருந்தது. தமிழ்ப் பள்ளியில் படித்தவளுக்குச் சீன எழுத்து தெரியாது. மளிகைக்கடை லிம்மிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"எல்லாத்துலயும் ஒரே பேருதான்மா. பொம்பளப் பிள்ள பேரு."

வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பின் தானே சொல்லிப் பார்த்தாள்.

லிம் தலையை ஆட்டினார். "அப்படி இல்லம்மா. சீனத்துல ராகம் மாறினா பேரே மாறிடும். நீ சொல்றது வேற யாரோ பேரு."