பேச்சிமுத்துவின் பேரன்

"அந்தச் சர்டிபிகேட்டை இங்க கொடுங்க மாமா, நான் பத்திரமா வெச்சுக்கிடுதேன்" என்று பொன்செல்வி மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

பேச்சிமுத்து கொடுக்கவில்லை. பேரனின் பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையோடு மார்பில் அணைத்தபடி பள்ளிக்கூட வராந்தாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தவர். நெற்றிச் சந்தனம் இன்னும் காயவில்லை.

"இது காயிதம் இல்ல பிள்ள. நம்ம குடும்பத்துப் பேரு" என்றார்.

இருவருக்கும் நடுவில் நான்கு வயதுப் பையன் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். இன்று அவனை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும்.

பேச்சிமுத்துவின் பாட்டனார் பெயரும் பேச்சிமுத்துதான். மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயர் என்பது அந்த வீட்டு வழக்கம். நாங்குநேரிப் பக்கமிருந்து திருவனந்தபுரம் வந்து சாலைக் கடைத்தெருவில் கயிற்றுக்கடை வைத்து நாற்பது வருடம் ஆகியும் வழக்கம் மாறவில்லை. பேரனைத் தொட்டிலில் போட்ட அன்று அவன் காதில் மூன்று தடவை தன் பெயரைச் சொன்னவரும் அவர்தான்.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் அதே வீட்டு வழக்கம். அதனால் பெற்ற பிள்ளையைப் பொன்செல்வி பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ராசா" என்பாள், "சின்னவனே" என்பாள், கோபம் வந்தால் "ஏல" என்பாள்.

ஆனால் பெரியவர் கடைக்குப் போன பிறகு, அடுக்களையில் குழந்தையின் காதோரம் வாய் வைத்து, "பினு" என்பாள். அவளாக வைத்த பெயர். அவன் கூச்சத்தில் நெளிந்து சிரிப்பான். அவள் உடனே சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். மகளைப் போலப் பார்த்துக்கொள்ளும் மனுஷன். காதில் விழுந்தால் மனசு உடைந்து போய்விடுவாரே!

பிறந்தபோது பெயர் இல்லாமல்தான் பதிவு செய்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெயருள்ள சான்றிதழ் கேட்டதால், போன மாதம் பெயர் சேர்ப்பதற்கான கார்ப்பரேஷன் விண்ணப்பத்தைப் பெரியவரே வாங்கி வந்தார். கணவன் வன்னியராஜ் கையெழுத்துப் போட்டதும் அவளிடம் நீட்டினார்.

"பேர் எழுதுத இடம் காலியா கிடக்கே மாமா?"

"அது என் வேலை. நீ கையெழுத்தைப் போடு."

போட்டுவிட்டாள். அந்த விண்ணப்பத்தையோ பிறகு வந்த சான்றிதழையோ அவர் யார் கண்ணிலும் காட்டவில்லை.

"அடுத்த ஆள் வரூ!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மூவரும் எழுந்து போனார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த ஷிஜா டீச்சர், துணி காயப்போடும் கயிற்றைக்கூடப் பேச்சிமுத்து கடையில்தான் வாங்குவாள்.

"அண்ணாச்சிக்கு இன்னைக்கு இத்தற கௌரவமா! அட்மிஷன் குட்டிக்கா, அண்ணாச்சிக்கா?"

"பேரனுக்குத்தான் டீச்சரே. பேரன்னா என்ன அர்த்தம் தெரியுமா? பாட்டன் பேரைத் தாங்குதவன். உங்க ஊர்ல வைக்கியளே ஜினு, லினுன்னு... அர்த்தம் இல்லாத பேரு!" சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் மருமகளைப் பார்த்தார்.

பொன்செல்வி தரையைப் பார்த்தாள்.

"என்டெ பேருக்கு அர்த்தம் உண்டு அண்ணாச்சி. அச்சன் ஷிபு, அம்மை கிரிஜா. அதுல பாதி இதுல பாதி வெட்டி ஒட்டியது, ஷிஜா. யாரோட பேரை வைக்கன்னு ரெண்டு பேரும் சண்டை போடக் கூடாதே!"

"பெறவு சண்டை போடலையா?"

"அது வேற காரியம்" என்று சிரித்த டீச்சர், குழந்தை பக்கம் குனிந்தாள். "மோனே, பேரெந்தா?"

ஒரு வாரமாக வன்னியராஜ் மகனை மடியில் வைத்து 'பேச்சிமுத்து' என்று சொல்லப் பழக்கியிருந்தான். குழந்தை அம்மாவைப் பார்த்தது. அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள்.

"பினு!" என்றான் அறை முழுவதும் கேட்க.

பொன்செல்விக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. "இல்ல டீச்சர்... அது சும்மா... நான்தான் வீட்ல..." கண்ணில் நீர் முட்டிவிட்டது. மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, தெரியாமச் செஞ்சுட்டேன். மன்னிச்சுடுங்க."

பேச்சிமுத்து மேஜையை நெருங்கினார். உறையிலிருந்து சான்றிதழை உருவி மேஜை மேல் வைத்தார்.

"அதுல உள்ளதை வாசிங்க டீச்சர். அதானே கணக்கு."

ஷிஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படித்தாள். பிறகு பொன்செல்வியை வியப்போடு பார்த்தாள்.

"எந்தினா சேச்சி கரயுன்னே? எதுக்கு அழணும்? குட்டி சரியாத்தானே சொல்லியது! பேரு, பினு. அச்சன், வன்னியராஜ்."

பொன்செல்வி காகிதத்தை வாங்கித் தானே படித்தாள். மேலிருந்து கீழ்வரை தேடினாள். மாமனாரின் பெயர் அதில் எங்குமே இல்லை.

"மாமா... உங்க பேரு?"

"இவன் எங்கிட்ட என்னைக்கோ சொல்லிட்டான்" என்று பெரியவர் பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"எம் பேரை வெச்சா, நீ எப்படிம்மா இவனைத் திட்டுவ?"