மிஞ்சிய மருதோண்டி

கொழும்பில் விசா அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த ஜிப்ரி, களவெடுத்துப் பிடிபட்டவன் போல இரண்டு கைகளையும் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றான். வாசல் நிழலில் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்த அவன் மனைவி ஸுஹைனா எழுந்து ஓடி வந்தாள்.

"என்னங்க, விசா இல்லையாமா?"

"விரல் அடையாளமே எடுக்கல்ல புள்ள." கைகளை முன்னே நீட்டினான். பத்து விரல் நுனியும் செக்கச்செவேலென்று சிவந்து கிடந்தன. "மருதோண்டிக் கைய மிசின்ல வைக்க ஏலாதாம். நிறம் போனாப் பொறகு வாங்கண்டு அடுத்த மாசத்துக்குத் தேதி தந்திரிக்காங்க."

ஸுஹைனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பூசிவிட்டவளே அவள்தானே!

இந்தச் சவூதி வேலைக்காக நாயாய்ப் பேயாய் அலைந்தவர் அவளுடைய வாப்பா முஹம்மட். கல்யாணம் முடித்து ஏறாவூருக்கு, பெண் வீட்டோடு வந்துவிட்ட மருமகன் சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்திக்கொண்டிருப்பது அவருக்கு அறவே பிடிக்கவில்லை. 'மருமகன் வெளிநாட்டில்' என்று பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள மனுசனுக்கு அப்படி ஓர் ஆசை.

புருசனைப் பிரிய ஸுஹைனாவுக்குத் துளியும் மனமில்லை. ஆனால் வாப்பாவிடம் அதை எந்த வாயால் சொல்வது? ஜிப்ரியோ மாமா எதைச் சொன்னாலும் "சரி மாமா" என்பதைத் தவிர வேறு பேச்சு அறியாதவன்.

பெருநாளைக்கு அரைத்த மருதோண்டியில் மிச்சம் பிரிஜ்ஜில் இருந்தது. கொழும்புக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் அதை எடுத்துத் தன் கைக்குப் பூசிக்கொண்டிருந்தாள். விசா அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு ஜிப்ரி பக்கத்தில் வந்து குந்தினான்.

'ஆம்புளைக்கு என்னத்துக்கு இதெல்லாம்' என்று கல்யாணத்துக்கே சுண்டுவிரலைக்கூடத் தராதவன், அன்று பத்து விரலையும் தானாக நீட்டினான். பிரியப் போகிற பாசமாக்கும் என்று அவளும் உருகிப்போய், நுனி நுனியாக அப்பிவிட்டாள்.

அலுவலக வாசலில் நிற்கும்போதே அவளுடைய போன் அடித்தது. வாப்பாதான். விஷயத்தைக் கேட்டதும் அவர் போட்ட சத்தம் வாசலில் நின்ற காவலாளிக்கும் கேட்டிருக்கும்.

"அறிவு இருக்கா மகள் ஒனக்கு? ஆம்புளட கையில மருதோண்டியா? மருமகன் என்ன, திரும்பவும் மாப்புளக் கோலத்துலயா போறார்?"

ஸுஹைனா விம்மினாள். ஜிப்ரி மெல்லப் போனை வாங்கினான்.

"அவக்கு ஏசாதீங்க மாமா. தெரியாமச் செஞ்சிட்டா, பாவம்."

வாப்பாவின் குரல் உடனே இறங்கிவிட்டது. "ஒங்கட நல்ல மனசுக்கு இப்படி ஒருத்தி வாய்ச்சிரிக்காளே மருமகன்!"

"என்ன செய்யிற மாமா, பொறுத்துத்தான் போகணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் ஸுஹைனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். அவன் வாங்கித் தந்த இஞ்சித் தேத்தண்ணியைக்கூட அவள் குடிக்கவில்லை. ஜிப்ரி மட்டும் அவளுடைய பங்கையும் சேர்த்து இரண்டு வடையைத் தின்றுவிட்டு, சன்னலோரம் நன்றாகத் தூங்கினான்.

ஓட்டமாவடிப் பாலத்தில் பஸ் ஏறியபோதுதான் கண் விழித்தான். பாலத்தின் கீழே தண்ணீர் மங்கல் வெளிச்சத்தில் கிடந்தது. ஊர் கிட்டிவிட்டது, வாப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தபடி அவன் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் என்னாலதாங்க. ஊட்டுக்குப் போன கையோட அந்த மிச்ச மருதோண்டியத் தூக்கி ஆத்துல எறியிறன்."

ஜிப்ரி முன்சீட்டைப் பார்த்தான், பின்சீட்டைப் பார்த்தான். பிறகு அவள் காதோரம் குனிந்தான்.

"எறிஞ்சிடாத புள்ள, அடுத்த மாசமும் பூசணும்!"