ஏரிக்கரை மான்

"சார், அந்த மானை அழிக்கணும்."

மானைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று கூட வேலை பார்க்கும் அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தாள். பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் இவளுக்கோ இருப்புக்கொள்ளவில்லை.

அருங்காட்சியகத் தலைவர் சிரித்தார். "நூற்றைம்பது வருஷத்துக் காட்டு ஓவியம்மா! அந்த மானைப் பார்க்கத்தான் ஜனமே வருது. கைவைக்க நீ யாரு?"

"வரைஞ்சதே நான்தானே சார்! வெறும் காட்டை எவன் பார்ப்பான், அந்த ஏரிக்கரையில ஒரு மானைப் போடுன்னு போன மாசம் சொன்னது நீங்கதானே?"

"மெதுவா பேசு! உங்க வீட்டுலயே முதல்ல படிச்சவ நீ. வேலை போனா உங்கப்பா மறுபடி மூட்டை தூக்கணும், தெரியும்ல?"

"தெரியும்."

கையில் பொத்தி வைத்திருந்த ஈரப் பஞ்சை அவர் மேஜைமேல் போட்டாள். அதில் பழுப்புச் சாயம் அப்பியிருந்தது.

"இதுதான் சார் உங்க மான்" என்றவள், கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தாள்.