புல்வெளியில் மூக்கிரட்டை

ஒரகடத்துத் தொழிற்சாலையின் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பும் பத்து மணி வெயில், முகப்புப் புல்வெளியில் குந்தியிருக்கும் அஞ்சலாட்சியின் முதுகைச் சுடுகிறது. மூக்கிரட்டையைப் பிடித்து இழுக்கிறாள். தண்டு பட்டென்று அறுந்து கையோடு வருகிறது, கிழங்குபோல் தடித்த வேர் மண்ணுக்குள்ளேயே இருந்துகொள்கிறது. சதுரங்கப்பட்டினத்துக் கடலோரத்தில், உப்புக்காற்றிலும் சுடுமணலிலும் அவள் பார்த்து வளர்ந்த செடி. கால் வீங்கினால் அந்த வேரைத்தான் காய்ச்சிக் குடிப்பார்கள். போன வாரம் பிடுங்கிய இடத்திலெல்லாம் இன்று மறுபடியும் கடுகளவு இளஞ்சிவப்புப் பூக்கள். நடைபாதையை விட்டு வேலியோரச் செடிகளுக்குள் புகுந்து குறுக்கே நடந்து வருகிறார் சூப்பர்வைசர் ஜனார்தன். “இன்னாம்மா, வாரா வாரம் புடுங்குற, அப்பவும் மொளைச்சிகினே கீது? மதியம் ஆடிட்டுக்கு வர்றாங்க. ஒரு செடி கண்ல பட்டுச்சு, நாளைலேர்ந்து நீ வராத.” அஞ்சலாட்சி முழங்கால் சொடுக்க எழுந்து நிற்கிறாள். “புடுங்குறது என் வேலை சார், புடுங்கிகினுதான் கீறேன். தெனம் குறுக்கால வந்து நட்டுட்டுப் போறது யாருன்னு உங்க பேண்ட்டப் பாருங்க.” அவர் குனிகிறார். இஸ்திரி மடிப்புக் கலையாத பேண்ட்டில், கணுக்காலிலிருந்து முழங்கால்வரை பிசுபிசுவென்று மூக்கிரட்டையின் பச்சை விதைகள் அப்பியிருக்கின்றன. உதறுகிறார், ஒன்றும் விழவில்லை. நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி, அவள் இப்போதுதான் களையெடுத்த மண்ணிலேயே போடுகிறார். விதைத்து முடிக்கட்டும் என்று அஞ்சலாட்சி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.