கறுப்புப் பட்டை

என் மனைவி குணவதிக்கு வந்தது உலகத்தில் வேறு யாருக்கும் வராத நோயாம். மருத்துவப் பத்திரிகையில் எழுத டாக்டர்கள் அனுமதி கேட்டார்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். நோயாளி யாரென்று தெரியக்கூடாதாம், சட்டமாம். அன்றிலிருந்து எந்தக் கேமராவில் எடுத்தாலும் அவள் கண்மேல் கறுப்புப் பட்டை விழுந்தது. போனிலிருந்த கல்யாணப் படத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, பாவிகள்.

நேற்று செத்துப்போனாள். மாலை போட ஒரு படம் இல்லை.

ஸ்டூடியோ பூபதி ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "கண்ணு மூடியிருந்தா பட்டை விழாதுண்ணே. இப்பவே எடுத்துடலாம்."

எடுத்தான். முகம் முழுசாக வந்தது.

"கண்ணை மட்டும் திறந்த மாதிரி வரைஞ்சு குடுடா" என்றேன்.

"வரைஞ்சா மறுபடி பட்டை விழுந்துடும்ணே."