குணவதி கட்சி

“குணவதி செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. நான் அவ பக்கந்தான்!”

விடிந்தும் விடியாததுமாக ராசம்மா கைப்பேசியில் ஆரம்பித்துவிட்டாள். அடுப்படியில் காலைப் பசியாறலுக்கு மீகூன் பிரட்டிக்கொண்டிருந்த மருமகள் சாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குணவதி ஒன்றும் பக்கத்து வீட்டுக்காரி இல்லை. ராத்திரி சீரியலில் வரும் மூத்த மருமகள். பெயர்தான் குணவதி. மாமனாரை ஏமாற்றி வீட்டை எழுதி வாங்கி, சின்ன மருமகளை நடுத்தெருவில் நிறுத்திய புண்ணியவதி.

மறுமுனையில் ராசம்மாவின் மகன் ரூபேந்திரன். சிங்கப்பூரில் நைட் ஷிப்ட் முடித்து, எல்லைப் பாலம் தாண்டி, தம்போயில் இருக்கும் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருப்பான். ஹெல்மெட்டுக்குள் இயர்போன். வேலை இடைவேளையில் அவனும் அந்த சீரியலைப் போனில் பார்த்துவிடுவான். சின்ன மருமகள் என்றால் அவனுக்கு உயிர். அவளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மனுசன் எகிறிக் குதிப்பான்.

சாந்தினி கல்யாணமாகி வந்ததிலிருந்து தினமும் இதே கூத்துதான். வீட்டுக்குள் நுழையும்போதே அவன் முகம் கடுகடுவென்று இருக்கும்.

“அம்மாவுக்கு மனசாட்சியே இல்ல லா! அந்த மோசக்காரிக்குப் போய் சப்போர்ட் பண்றாங்க!”

இதில் சாந்தினிக்கு ஆறாத விஷயம் ஒன்று இருந்தது. ராத்திரி சீரியல் ஓடும்போது இதே ராசம்மா, “நாசமா போறவளே!” என்று குணவதிக்குச் சாபம் விடுவாள். விடிந்ததும் அவளுக்கே வக்காலத்து! பெற்ற பிள்ளையிடம் வேண்டுமென்றே வம்புக்கு நிற்கிற அம்மா உலகத்தில் உண்டா?

“அத்தை, அவரு ரோட்டுல வர்றாரு. சண்டைய வீட்டுக்கு வந்தப்புறம் வெச்சுக்குங்களேன்” என்று தன்மையாகத்தான் சொல்லிப் பார்த்தாள்.

“ஒனக்குத் தெரியாதும்மா” என்று ராசம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை ராசம்மா குளிக்கப் போன நேரம். சாந்தினி அவளுடைய கைப்பேசியை அணைத்து, அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

ஈரத் தலையோடு வந்த ராசம்மா மேசையைப் பார்த்தாள்.

“என் போனு எங்கம்மா?”

“தெரியல அத்தை.”

நாற்காலி மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தாள். சாமி மேடையில் தேடினாள். ஒரு சீரியலுக்கா இந்தப் பாடு என்று சாந்தினிக்கு வெறுத்தே போய்விட்டது.

“நாந்தான் எடுத்து வெச்சேன் அத்தை. ஒரு நாளாவது அவர நிம்மதியா வர விடுங்க!”

ராசம்மாவின் முகம் வெளுத்துப் போனது.

“ஐயோ, அவன் இந்நேரம் பாலம் தாண்டிருப்பானே! ஒன் போன குடு!”

“குடுக்க மாட்டேன்...”

சொல்லி முடிப்பதற்குள் ராசம்மா அதைப் பிடுங்கிவிட்டாள். ஸ்பீக்கரில் மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். எடுக்கவில்லை.

“எடுடா... எடுடா சாமி...”

“என்னாச்சு அத்தை? ஏன் இப்படிப் பயப்படுறீங்க?”

ராசம்மா மறுபடி அழுத்தினாள்.

“ம்ம்ம்...”

குழறலாக ஒரு குரல். பின்னால் லாரி ஹாரன் ஒன்று நீளமாக அலறியது.

“டேய் ரூபன்! குணவதி செஞ்சதுதான்டா சரி! அந்தச் சின்னவ ஒரு அழுமூஞ்சி! நடிப்புக்காரி!”

“என்னாது? யாரு நடிப்புக்காரி?” ரூபேந்திரனின் குரல் சட்டென்று தெளிந்து எகிறியது. “புருசன் ஆஸ்பத்திரில கெடக்கான்னு பச்சத் தண்ணி குடிக்காம நிக்கிறா அவ! ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாம்மா?”

அவன் பொரிந்து தள்ளிக்கொண்டே இருந்தான். ராசம்மா உள்ளங்கையால் கைப்பேசியை மூடிக்கொண்டு சாந்தினியைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“பாட்டு கேட்டா தூங்கிடுறாம்மா. கதை சொன்னாலும் தூங்கிடுறான். நிறுத்திக் கொஞ்சம் தூங்கிட்டு வாடான்னா காதுலயே வாங்க மாட்டேங்கறான். போன வருசம், நீ வர்றதுக்கு முன்னாடி, ஹைவேல கண்ணசந்து, ரோட்டோர லோங்காங் சாக்கடைல விழுந்து கெடந்தான். நீ பயந்துருவேன்னு சொல்லல. கோவம் வந்தாத்தாம்மா அவனுக்குத் தூக்கம் போவுது.”

சாந்தினி அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்னம்மா, பேச்சக் காணோம்? தோத்துட்டீங்களா?” என்றான் ரூபேந்திரன்.

ராசம்மா கையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தாள். விம்மல்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. மறுமுனையும் அடங்கிப் போனது. கொஞ்ச நேரத்தில் நீளமாக ஒரு கொட்டாவிச் சத்தம் கேட்டது.

சாந்தினி பாய்ந்து கைப்பேசியைப் பறித்தாள்.

“அத்தை சொல்றதுல என்னாங்க தப்பு? நானும் குணவதி கட்சிதான்! இப்ப என்னாங்கிறீங்க?”