மூலையில் ஒரு விரல்

"மத்த எல்லாருக்கும் கறுப்பு பிரேம். தன் மூஞ்சிக்கு மட்டும் தங்கம்! கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?"

அண்ணி தன் தங்கையின் காதில்தான் சொன்னாள். ஆனால் அது உயரமான கண்காட்சிக் கூடம், முணுமுணுத்தாலும் எதிரொலித்தது. பின்னால் நின்ற அம்மாவுக்கு அது தெளிவாகக் கேட்டது.

"படமாவது ஒழுங்கா இருக்கா பாரு. எவனோ லென்ஸ் மேல விரலை வச்சு அமுக்கியிருக்கான்."

"அது விரலாக்கா? நான் பலூன்னு நினைச்சேன்."

இருவரும் சிரித்தார்கள்.

அம்மா தன் வலது கையை மெல்லப் பைகளுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். வீட்டுப் பெண்களின் கைப்பைகள் எல்லாம் அவளிடம்தான் இருந்தன. எங்கே போனாலும் அப்படித்தான். யாராவது கேமராவை எடுத்தால், "நீங்க போய் நில்லுங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்" என்று ஒதுங்கிவிடுவாள்.

மகளுக்கு இது முதல் கண்காட்சி. பாஸ்போர்ட் படம் எடுத்து ஆரம்பித்தவள் அவள். பிறகு, எடுத்த படங்களுக்குத் தானே பிரேம் போட்டாள். அதன் பிறகு பிரேமுக்குத் தங்கரேக்கு ஒட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது பெரிய வீடுகளின் பழைய பிரேம்களெல்லாம் அவளைத் தேடி வருகின்றன. ஊரில் போட்டோக்காரி என்றால் போதும், கடையைக் காட்டிவிடுவார்கள்.

அம்மா அவளைத் தேடிப் பிடித்தாள்.

"அதைக் கழட்டுடி."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. நீ முதல் கேமரா வாங்கின அன்னிக்கு, 'ஒரே ஒரு தடவை அமுக்கும்மா'ன்னு என் கையில திணிச்சே. எனக்கு என்ன தெரியும்? கெடுத்து வச்சேன். ஊரே வந்து பார்க்கிற நாள்ல என் லட்சணத்தையா மாட்டுவே? உங்க அண்ணி சிரிக்கிறா."

"சிரிக்கட்டும். சிரிச்ச மூஞ்சி படத்துக்கு நல்லா இருக்கும்."

அதற்குள் கூடத்தின் உரிமையாளர் வேகமாக வந்தார். கையில், நடுவே ஜன்னல்போல் வெட்டிய மவுண்ட் அட்டை.

"மேடம், பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்க. தப்பா நினைக்காதீங்க. இந்த அட்டையை உள்ளே வச்சா விரல் மறைஞ்சிடும், நீங்க மட்டும் தெரிவீங்க. உங்களுக்குத் தெரியாத வேலையா?"

"பாத்தியா, அவரே சொல்றாரு" என்றாள் அம்மா.

"எத்தனையோ பேர் வீட்டுப் படத்துல இப்படி மறைச்சுக் கொடுத்திருக்கேன் சார். இதுல மாட்டேன்."

"அப்ப இது ஒண்ணை இறக்கிடுவோம். இவ்வளவு நல்ல படங்களை விட்டுட்டு, 'தன் படத்துக்குத் தானே தங்கம் பூசினார்'னுதான் எழுதுவாங்க. எடுத்த பேரெல்லாம் போயிடும்."

"இது இறங்கினா மத்ததும் இறங்கும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அட்டையை அவரிடமிருந்து வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

ஏதோ தகராறு என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. பத்திரிகைக்காரர்களும் வந்து நின்றார்கள். அண்ணிக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?

"நான் சொல்றேன்னு கோச்சுக்காதே. உன் படத்துக்கு நீயே தங்கம் போட்டா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அது என் படம் இல்லை அண்ணி."

"பின்னே? அந்த மூக்கு வேற யாருக்கு இருக்கு?"

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"நம்ம வீட்டு ஆல்பத்தைப் பார்த்திருக்கீங்கல்ல? உங்க கல்யாணத்துலேர்ந்து எல்லாமே நான் எடுத்ததுதான். அதுல அம்மா எங்கேயாவது இருக்காளா?"

அண்ணி யோசித்தாள்.

"அத்தைதான் பையைப் பார்த்துக்கறேன்னு போயிடுவாங்களே..."

"'என் மூஞ்சியை யாரு பார்க்கப் போறா'ன்னு கதவுக்குப் பின்னால போயிடுவா. தெரியாம எடுத்தாலும் முதுகுதான் கிடைக்கும். ஊர்ல இருக்கிற மூஞ்சியெல்லாம் எடுத்தாச்சு. இவ மட்டும் ஒரே ஒரு படத்துலதான் சிக்கினா."

தங்கப் பிரேமின் கண்ணாடி மூலையில், அந்த இளஞ்சிவப்புக் கறையின் மேல் விரலை வைத்தாள்.

"இதோ."

பின்னால் நின்றவர்களும் மூலையைப் பார்க்க எட்டிக் குனிந்தார்கள்.

"தங்கரேக்கு ஒட்டும்போது ஃபேனை நிறுத்திடணும், மூச்சைக்கூடப் பிடிச்சுக்கணும். லேசா ஊதினாலே பறந்துடும். ஒட்டினதுக்கு அப்புறம் வழவழப்பான கல்லால தேய்ச்சாதான் பளபளப்பு வரும். மத்த பக்கமெல்லாம் போதுங்கிற வரைக்கும் தேய்ச்சேன். இந்த மூலையை மட்டும் கை வலிக்கிற வரைக்கும்." அவள் உரிமையாளரைப் பார்த்தாள். "இது எங்கம்மா படம் சார். பக்கத்துல நிக்கிறது நான். அவ்வளவுதான்."

உரிமையாளர் சுவரோரம் இருந்த அட்டையை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

பத்திரிகைக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"இந்தப் பிரேமுக்கு முன்னாடி குடும்பத்தோட ஒரு படம் எடுத்துக்கலாமா?"

நாற்காலிகள் வந்தன. எல்லோருக்கும் முன்னால் ஓடியது அண்ணிதான். தலைமுடியைச் சரிசெய்தபடியே, "அத்தை, இதையும் கொஞ்சம் பிடிங்க" என்று தன் கைப்பையை நீட்டினாள்.

அம்மா அதை வாங்கவில்லை. தன்னிடம் இருந்த பைகளையும் ஒவ்வொன்றாக அண்ணியின் தோளில் மாட்டினாள். நடு நாற்காலியில் போய் உட்கார்ந்து, வலது கையை எல்லோருக்கும் தெரியும்படி மடிமேல் வைத்துக்கொண்டாள்.